செசிலி அக்கா வயலுக்கு நான் எழுதிய தப்பு ரிப்போர்ட்

ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் அறிவுரை கேட்கிறார்கள். வேலையில் இருந்த காலத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. போன மாதம் எங்கள் பழைய மண் பரிசோதனை நிலையத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில், "சார், மண்வளம் பத்தி உங்க அனுபவத்துலேருந்து ஒரு நல்ல மெசேஜ் சொல்லுங்க" என்றார்கள். இப்போது அவர்கள் வயலில் நின்று போனை அமுக்கினால் மண் எடுத்த இடம் அப்படியே பதிவாகிவிடுகிறதாம். இனி எந்த விவசாயியும் பொய் சொல்ல முடியாது என்று ஒருவன் பெருமையாகப் போட்டிருந்தான். விவசாயி எங்கே பொய் சொன்னார், நாங்கள் கேட்டால்தானே? என்னிடம் மெசேஜ் எதுவும் இல்லை. சொதப்பிய கேஸ் ஒன்று இருக்கிறது. அதை வேண்டுமானால் எழுதுகிறேன்.

நாலு வருஷ அக்ரி படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹாஸ்டல் சாம்பார், மண்ணியலில் ஒரு அரியர், கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகச் சொன்ன சில மாதங்கள். அந்த மாதங்களில் நாங்கள் நெருங்கிப் பழகியது டீக்கடைக்காரரோடு. பிறகு நீடாமங்கலம் பக்கத்தில் வேலை. தாராளமயம் என்ற சொல் பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்துக்கு அது டிஏபி உர விலையாகவும் பொட்டாஷ் விலையாகவும் வந்து சேர்ந்தது. தெருவுக்கு இரண்டு பேர் சவுதி, சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவில் நான்தான் முதல் பட்டதாரி. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்டு அறுத்த மாதிரியான வயல்களுக்கு, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வைத்தியம் எழுதுகிறேன். திமிர் வராமல் என்ன செய்யும்? வந்தது. நிறைய வந்தது.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஞானமுத்து சார். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான ஆள். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே சரியாக மூன்று மடிப்பு மடித்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார். நாலாவது மடிப்பை நான் பார்த்ததே இல்லை. அவர் யாரையும் திட்டமாட்டார். தப்புச் செய்தால் "சந்தோஷம்" என்பார். அவ்வளவுதான். ஒரு தடவை பியூரெட்டை உடைத்த லேப் அசிஸ்டென்ட்டிடம் அவர் "சந்தோஷம்" என்றதும், அந்த ஆள் மத்தியானம் சாப்பிடவே இல்லை. அதே சமயம் மனிதர் மகானும் கிடையாது. ரிப்போர்ட் கட்டு வந்தால் படிக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். பேனா நிற்காது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

மண் எடுப்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. வரப்போரம் எடுக்கக் கூடாது, வாய்க்கால் வாய் கூடாது, மரத்தடி கூடாது, எருக் கொட்டிய இடம் கூடாது, மூலை கூடாது. நடு வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் புல்லைச் செதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' மாதிரி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி, அந்தச் சரிவிலிருந்து விரல் கனத்துக்கு மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, குறுக்கே இரண்டு கோடு போட்டு நாலு பங்காக்கி, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலாக்க வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படியே. ஞானமுத்து சார் இதை வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றில் செய்வார். சீட்டைப் பென்சிலில்தான் எழுதுவார், ஈரம் பட்டால் மை ஓடிவிடும் என்று. பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

எங்களுக்கு வந்ததெல்லாம் இந்த முறையில் வந்த மண்ணா? யூரியா சாக்கில் காயவைத்த மண் வரும். தழைச்சத்து அதில் எகிறும். முறுக்குத் தூளோடு பிஸ்கட் டின்னில் வரும். பாகப்பிரிவினையில் தம்பிக்கு நல்ல வயல் போய்விட்டது என்று நிரூபிக்க, தம்பி வயல் மண்ணைத் தன் பெயரில் கொடுத்து, தன் மண்ணைத் தம்பி பெயரில் கொடுத்துக் குழப்பி, கடைசியில் எது எவருடையது என்று தானே மறந்துபோன அண்ணன் ஒருவர் வந்தார். படிவத்தில் 'மாதிரி எடுத்த முறை' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதில் எல்லோருக்கும் 'முறைப்படி' என்று எழுதிவிடுவேன். சில நாள் காலையிலேயே பத்துப் படிவத்தில் எழுதி வைத்துவிடுவேன். வேலை வேகமாக ஓடும்.

செசிலி அக்கா மாசி மாதம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தைத்த வெள்ளைத் துணிப்பையில் மண், புட்டுக்குச் சலித்த மாவு மாதிரி.

"ரெண்டு தடவ சலிச்சேன் சார். கல்லு, வேரு ஒண்ணும் இருக்காது."

படிவத்தை இழுத்தேன். "எவ்வளவு நிலம்?"

"அஞ்சு மா சார்."

ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. "கடைசியா என்ன பயிர்?"

"நெல்லு."

"அதுக்கு முன்னாடி?"

"நெல்லு."

"அதுக்கும் முன்னாடி?"

"நெல்லுதான் சார். வருசத்துக்கு மூணு போகம். எங்க வீட்டுக்காரரு சவுதியிலேருந்து பணம் அனுப்பி பில்டர் பாயிண்ட் போரு போட்டுக் குடுத்திருக்காரு. ஆத்துல தண்ணி வந்தாலும் வராட்டியும் எங்க வயலு காயாது."

"மூணு வருஷம் முன்னாடி?"

"அப்ப அது எங்களுது இல்ல சார்."

அந்த வயலில் அவர் கணவர் லூர்துசாமியின் அப்பா காலம் முழுக்கக் கூலி வேலை செய்திருக்கிறார். செசிலி அக்காவும் அதில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர்தான். பண்ணைக்காரர் பிள்ளைகள் மெட்ராஸ் போய்விட, லூர்துசாமி சவுதியில் வெல்டிங் வேலை பார்த்து அதை வாங்கினார். முதல் வருஷம் நன்றாக விளைந்தது. கடைசி இரண்டு போகமாக நடவு முடிந்து மூன்று வாரத்தில் இலை துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. அறுத்தால் பாதி பதர்.

அப்போதெல்லாம் சவுதியிலிருந்து கடிதத்தைவிடக் கேசட் அதிகம் வரும். டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். லூர்துசாமி கடைசிக் கேசட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: இன்னும் ஒரு போகம் பார், அதுவும் பதரானால் வயலை விற்றுவிடு, மாயவரத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டுவிடலாம்.

"எனக்கு விக்க மனசில்ல சார். மனைய வாங்கி நான் என்ன பண்றது? தினமும் போயி நின்னு பாத்துட்டு வர்றதா?"

"மண்ண பாத்துருவோம்மா. எதுக்கு இருக்கோம் நாங்க?" என்றேன். கட்டத்தில் 'முறைப்படி' ஏற்கெனவே எழுதியிருந்தது.

மண்ணைத் தண்ணீரில் கலக்கி உப்புப் பார்க்கிற மீட்டரில் வைத்தால், முள் விர்ரென்று ஓடியது. வேதாரண்யத்து உப்பளத்தை ஒட்டிய மண்ணுக்கு வர வேண்டிய எண். நீடாமங்கலத்துக்கு எப்படி வந்தது? யோசிக்கிறவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் ஒரு தியரி கண்டுபிடித்தேன். பில்டர் பாயிண்ட்! நிலத்தடித் தண்ணீர் உப்பாகிவிட்டது! அந்தத் தண்ணீரை ஒரு பாட்டில் வாங்கிச் சோதிக்கலாம் என்று தோன்றவில்லை. தியரி அவ்வளவு அழகாக இருந்தது. 'உவர் நிலம்' என்று ரிப்போர்ட் எழுதினேன். ஞானமுத்து சாரின் பேனா அதன் மேலும் நிற்காமல் ஓடியது.

"கோடை நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி வடிங்க. மூணு தடவ. உப்பு கழுவிட்டுப் போயிடும். நட்டப்புறம் தண்ணி வத்தவே கூடாது. வத்துனா உப்பு மேல ஏறிக்கும்" என்று செசிலி அக்காவிடம் சொன்னேன்.

"வத்தவே கூடாதா சார்?"

"ஒரு நாள்கூட."

சொன்னதை அப்படியே செய்தார். மோட்டாருக்குக் கரண்ட் எந்த நேரம் வந்தாலும் எழுந்து போய்ப் போட்டிருக்கிறார். பங்குனி கடைசியில், வேரோடு பிடுங்கிய நாலு குத்துப் பயிரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டார். இலை முழுக்கச் செம்பழுப்பு.

"ஒரு நாள்கூட வத்தல தம்பி" என்றார்.

'சார்' போய்விட்டது. கவனித்தேன்.

ஞானமுத்து சார் எட்டிப் பார்த்தார். வேரைத் திருப்பினார். வெள்ளையாக இருக்க வேண்டியது தலைமுடி மாதிரி கறுத்திருந்தது. அப்போதே மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். செசிலி அக்கா எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சார் வரப்பில் செருப்பை விட்டார், மூன்று மடிப்பு மடித்தார், நடு வயலுக்குப் போய் ஒரு குத்தைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

அழுகிய முட்டை. வயல் நெடுநாள் தண்ணீரிலேயே கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி வேரைக் கெடுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியவன் நான். ஐந்துக்கு ஐந்து. நிஜத்தில் அதை அன்றுதான் முதல் தடவை மோந்தேன்.

"மூச்சு முட்டிப் போச்சு இந்த மண்ணு. காத்தே போகல. நெல்லு மேல நெல்லு, தண்ணி மேல தண்ணி. துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்கல, அதான் துரு" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா உப்புங்கிறீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?"

நான் பில்டர் பாயிண்ட் தியரியை எடுத்துவிட்டேன். அவர் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய், குழாயில் வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார். இளநீர் மாதிரி இருந்தது.

"சந்தோஷம்" என்றார்.

அதற்குள் வரப்பு மூலையில் நின்ற செசிலி அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கைப்பிடி எடுத்து மூலையில் வீசினார். பிறகு அடுத்த மூலைக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"அக்கா, என்னது அது?" என்று கத்தினேன்.

"மந்திரிச்ச உப்பு தம்பி. சர்ச் சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சு வாங்குனது. வயலு வாங்குன நாளுலேருந்து நாலு மூலைக்கும் போடுறேன். இந்த ரெண்டு போகம் சரியில்லன்னதும் வாராவாரம் வெள்ளிக்கிழம போடுறேன். இன்னிக்கு வெள்ளி."

ஞானமுத்து சார் கேட்டார், ஒவ்வொரு வார்த்தையாக: "எங்களுக்குக் குடுத்த மண்ண எங்க எடுத்தீங்கம்மா?"

"நாலு மூலையிலதான்."

"ஏன் மூலையில?"

"என்ன சார் இப்பிடி கேக்குறீங்க? சோதனைக்கு அனுப்புறோம், உள்ளதுலயே நல்ல மண்ண குடுக்க வேணாமா? மந்திரிச்ச எடந்தானே நல்ல எடம்?"

பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி, குளிப்பாட்டி, தலைவாரி, இரண்டு தடவை சலித்து அனுப்பியிருக்கிறார். நான் உப்பை வைத்து வயலுக்கு வைத்தியம் எழுதியிருக்கிறேன். மூச்சு முட்டிக் கிடந்த மண்ணின் தலையை இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் அமுக்கியிருக்கிறேன்.

"சார், நீங்களும் வேதக்காரங்கதானே? உப்பு போடுறது தப்பா?" என்றார் செசிலி அக்கா.

"நாங்க லுத்தரன்மா. எங்களுக்கு உப்பு கொழம்புக்கு மட்டுந்தான்" என்றார் சார். பிறகு, "நீங்க போடுங்க, ஒரு கைப்பிடியில வயலு கெட்டுடாது. தப்பு எங்க மேல. எழுதுனது இவரு, கையெழுத்துப் போட்டது நானு. ரெண்டு பேருமே கேக்கல" என்றார்.

அடுத்து, தண்ணீரை வடிக்கச் சொன்னார். செசிலி அக்கா இடுப்பில் கைவைத்தார்.

"வடிக்கவா? ஒரு நாள்கூட வத்தக்கூடாதுன்னு இந்தத் தம்பி சொல்லுது, மொத்தத்தையும் தொறந்து விடுன்னு நீங்க சொல்றீங்க. ஊரே தண்ணி தண்ணின்னு அடிச்சுக்குது, நான் மட்டும் வரப்ப வெட்டி வெளிய விட்டா பைத்தியம்பானுங்க. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

நான் மண்வெட்டியை வாங்கி வரப்பை வெட்டினேன். என் திமிரில் பாதி அந்த வடிகாலில் போனது. மிச்சம் பென்ஷன் வரைக்கும் கூட வந்தது, அது வேறு.

அந்தப் பயிர் தேறவில்லை, மாட்டுக்குத்தான் போனது. சித்திரை முழுக்க வயலைக் காயவிட்டு வெடிக்கவிடுங்கள், குறுவை நெல் வேண்டாம், அதற்குப் பதில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள், ஆவணியில் சம்பா மட்டும் நடுங்கள் என்று சார் சொன்னார். செசிலி அக்காவுக்குப் புரிந்தது. சவுதிக்குப் புரிய வேண்டுமே. கேசட்டில் சொல்லி அனுப்பினார்.

பதில் கேசட்டை டேப் ரிக்கார்டரோடு அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். கேசட் கேட்பதெல்லாம் டிபார்ட்மென்ட் வேலை இல்லை என்று ஞானமுத்து சார் டீ குடிக்கப் போய்விட்டார். நான் உட்கார்ந்து கேட்டேன். பின்னால் ஏசி உறுமல். அதற்கு மேலே லூர்துசாமியின் குரல்.

"செசிலி, எங்கப்பா இந்த வயல்ல நெல்ல அறுத்து அறுத்து அடுத்தவன் களத்துல கொண்டு போயி போட்டாரு. நம்ம களத்துல நம்ம நெல்லு கெடக்கணும்னுதான் வாங்குனேன். குறுவைக்கு ஊரெல்லாம் நெல்லு நிக்கும், நம்மளுதுல மட்டும் எருச்செடி நிக்குமா? வயலு வாங்கத் தெரிஞ்சவனுக்கு நெல்லு போடத் தெரியலன்னு பேசுவானுங்க. குறுவை நட்டா நடு. இல்லன்னா வித்துடு. நான் சொன்னா சொன்னதுதான்."

செசிலி அக்கா பட்டனை அமுக்கி நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து, சுருண்டிருந்த நாடாவை விரலால் சுற்றிச் சரிசெய்தார்.

"தக்கைப்பூண்டு விதை எங்க கெடைக்கும் தம்பி?" என்றார்.

வைகாசியில் விதைத்தார். ஊர் பேசியது. லூர்துசாமி சொன்னதைவிட மோசமாகவே பேசியது. ஆடி பிறந்ததும் சவுதிக்குப் போகிற ஆள் ஒருவர் கிடைத்தார். செசிலி அக்கா என்னை வயலுக்கு வரச்சொல்லி, வரப்பில் டேப் ரிக்கார்டரை வைத்தார்.

"நீங்க ஆபீசரு. நீங்க சொன்னா நம்புவாரு. பயிரு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. என்ன பயிருன்னு சொல்லாதீங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அக்கா?"

"ரிப்போர்ட்டுல எழுதுனீங்களே, அதவிட இது உண்மைதானே?"

பட்டனை அமுக்கினேன். ரேடியோவில் விவசாயச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தேன். "வணக்கம் லூர்துசாமி. நான் மண் பரிசோதனை நிலையத்திலிருந்து பேசுகிறேன். இப்போது உங்கள் வயலில்தான் நிற்கிறேன். பயிர் கரும்பச்சையாக இருக்கிறது. ஒரு இலையில்கூடத் துரு இல்லை. நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. கவலையே வேண்டாம்." செசிலி அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அற்புதமாகப் பேசிவிட்டதாக எனக்கும் தோன்றியது.

அடுத்த வாரம் டிராக்டர் விட்டு மடக்கி உழுதார். ஆவணியில் சம்பா நட்டார். நான் வாரம் ஒரு தடவை போய், யாரும் கேட்காமலே, குத்தைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பயிரைப் பிடுங்கியே அழித்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று ஒரு நாள் துரத்திவிட்டார். தையில் அறுத்தார். அவர் வீட்டு வாசலில் நெல் குவிந்த அதே வாரம் லூர்துசாமி லீவில் வந்து இறங்கினார்.

இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். உயரமான ஆள், வெல்டிங் பொறி பட்ட கைகள். எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தார். ஞானமுத்து சாருக்கு ஒரு டார்ச் லைட். விற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் கேட்டார்.

"சார், அந்த வெதையில எனக்கு ஒரு மூட்டை வேணும்."

"எந்த விதை?"

"ஆடி மாசம் நெஞ்சு ஒசரம் நிக்கிற குறுவை நெல்லு. எங்கப்பா காலத்துலேருந்து நான் பாத்ததில்ல."

செசிலி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞானமுத்து சார் என்னைப் பார்த்து, "சந்தோஷம்" என்றார்.

"எங்க ரூம்ல எட்டுப் பேரு சார். கேசட்ட போட்டுக் கேட்டதும் அத்தன பேரும் சிரிச்சானுங்க. எல்லாம் வயக்காட்டுலேருந்து வந்தவனுங்க" என்றார் லூர்துசாமி.

"தெரிஞ்சுதா உங்களுக்கு? அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

அவர் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"கேட்டா இவ உண்மைய சொல்லிருவா சார். சொன்னா, வித்துடுன்னு சொன்ன சொல்ல நான் காப்பாத்தணும். அதான் அடுத்த கேசட்டுல, ஆடு எத்தன குட்டி போட்டுச்சுன்னு மட்டும் கேட்டேன்."